ஒரு சைஸ் பெரிய பம்ப்

“…அதுதான் கேக்கிறன் தம்பி, உந்தப் பம்பைப் பூட்டி, வீட்டுக் கூரையிலை நிண்டு குளிக்கப் போறியளோ?”

கேட்டது அக்கா. என் மனைவியின் அக்கா. நான் குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டியதிலிருந்து எங்கள் வீட்டில் சமையலறைக்குக் குசினி என்றுதான் பெயர். பெயர் வைப்பதில் எனக்கு ஓட்டுரிமை இருந்ததில்லை. திரையில் நான் தேர்ந்தெடுத்த பம்பின் படம் இருந்தது, வாங்குகிற பொத்தானின் மேல் என் விரல் இருந்தது. தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி அவர் எவ்வளவு நேரமாக என் முதுகுக்குப் பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. நர்ஸ்களுக்கு அந்தத் திறமை உண்டு. சத்தமில்லாமல் வந்து, நாம் செய்யக்கூடாததைச் செய்யும் நேரம் பார்த்து நிற்பார்கள்.

கூரையில் நின்று குளிக்கும் எண்ணம் எனக்கு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டைச் சூடாக்குவதுதான் எண்ணம்.

மல்கிரேவில் ஓர் அலுவலகத்தில் இருபது வருடம் மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அது போதும் என்று தோன்றியதும், மெல்பர்னிலிருந்து ஒன்றரை மணி நேரம் கிழக்கே, மலைச்சரிவில் ஒரு பழைய வீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். ஊர் மின்சாரம் இந்த வீட்டுக்கு வராது. கூரையில் சூரியத் தகடுகள், கொட்டகையில் பேட்டரி. சூடாக்குவதற்கு ஒரு வெளியடுப்பு. வீட்டுக்குக் கீழே நாற்பது மீட்டர் தள்ளி, புகைபோக்கி வைத்த ஒரு பச்சைத் தகரப் பெட்டி. முதல்முறை வருகிறவர்கள் அதைக் கழிப்பறை என்று நினைத்துக்கொண்டு, “ஏன் அவ்வளவு தூரத்துல வச்சிருக்கீங்க?” என்று அனுதாபத்தோடு கேட்பார்கள்.

அதற்குள் விறகு எரியும். விறகைச் சுற்றி இருக்கும் தண்ணீர் சூடாகும். அந்தத் தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாக வீட்டுக்கு வந்து, ஒவ்வோர் அறையிலும் சுவரோடு பொருத்தியிருக்கும் ரேடியேட்டர் என்ற தட்டை இரும்புக்குள் புகுந்து, அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய் அடுப்புக்கே திரும்பும். மூடிய சுற்று. அந்தத் தண்ணீர் வெளிக்காற்றைப் பார்ப்பதே இல்லை. அதைச் சுற்றவைப்பது ஒரு பம்ப். அது ஓடினால் இது வீடு. நின்றால் ஜன்னல் வைத்த குளிர்சாதனப் பெட்டி.

எங்களுக்கு வாய்த்த பழைய பம்ப்பில் மூன்று வேகம் உண்டு. முந்தைய சொந்தக்காரர் எந்தக் காலத்திலோ மூன்றாவதில் வைத்திருக்கிறார், திருகு அங்கேயே இறுகிவிட்டது. இரவு பகலாக நூறு வாட்டுக்கு மேல் குடிக்கும். இங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில், மேகம் மூடிய நாட்களில் சூரியன் கொடுப்பதே ஏதோ பிச்சை போடுவது போலத்தான். அதையும் பம்ப் வாங்கிக் குடித்துவிட, விடியும்போது பேட்டரி காலியாகி, பம்ப் நின்று, இரும்பெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும்.

நானும் மனைவியும் மட்டும் என்றால் இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த வருடத்தை ஓட்டியிருப்போம். அக்கா வந்ததால்தான் அவசரம்.

அக்கா சிட்னியில், வெஸ்ட்மீட்டில், முப்பது வருடம் டயாலிசிஸ் நர்ஸாக இருந்தவர். தனி ஆள். ஓய்வு பெற்றதும், தன் ஃபிளாட்டை ஆறு மாதத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, “ஒரு குளிர்காலம் இருந்து பாத்திட்டுச் சொல்லுறன்” என்று ஒரேயொரு பெட்டியோடு எங்களிடம் வந்திருந்தார். என் மனைவி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஊரைவிட்டுக் கிளம்பியவர் அவர். அதன்பிறகு சகோதரிகள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்ததெல்லாம் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும்தான். இப்போது ஃபிளாட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் கேட்டு எழுதியிருந்தான்: திரும்பி வருகிறீர்களா, அல்லது குடியிருப்பவர்களுக்கே இன்னும் ஒரு வருடம் கொடுத்துவிடவா? மாத முடிவுக்குள் பதில் வேண்டும்.

அக்காவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். “எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம் தம்பி. விடிய எழும்பேக்கை கையை நீட்ட ஏலுமா எண்டதுதான் கேள்வி,” என்று வந்த வாரமே சொல்லியிருந்தார். என் மனைவி அதற்கு எதுவும் சொல்லவில்லை. அவள் பேசினால் நான் கவலைப்படுவதில்லை. பேசாமலிருந்தால்தான் பம்ப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

மூன்று வாரம் வீடியோ பார்த்தேன். தாடி வைத்த கனடாக்காரர்கள் பனியில் நின்றுகொண்டு பம்ப்பைப் பற்றிப் பேசும் வீடியோக்கள். இப்போது வரும் சிக்கனப் பம்ப்புகளில் உள்ளே காந்தச் சுழலியும், தேவையைப் பார்த்து வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் மின்னணுச் சங்கதியும் இருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். அதுவரைக்கும் சரி. அடுத்து, எவ்வளவு பெரிய பம்ப் என்பதுதானே கேள்வி? கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது போல, உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடித்து, அடுப்பிலிருந்து வீட்டின் உயரமான ரேடியேட்டர் வரைக்கும் அளந்தேன். ஒன்பது மீட்டர்.

நான் வளர்ந்த விதத்தில் பம்ப் என்றால் மோட்டார். மோட்டார் என்றால் மொட்டைமாடித் தொட்டி. கீழே இருக்கும் தண்ணீரை மேலே ஏற்றத்தானே உலகத்தில் பம்ப் என்று ஒன்று இருக்கிறது? ஆகவே ஒன்பது மீட்டர் ஏற்றும் பம்ப்.

அதோடு நின்றிருக்கலாம். மல்கிரேவ் நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் கேட்டேன். பதினான்கு பேர். ஒருவர் வீட்டிலும் வெளியடுப்பு கிடையாது, பாதிப்பேர் விறகை நேரில் பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும். ஆனால் பத்து நிமிடத்தில் பதினோரு ஆலோசனை வந்தது, எல்லாமே ஒன்றுதான்: “எதுக்கும் ஒரு சைஸ் பெருசா எடுத்துடுங்க பாஸ்.”

இதை நாங்கள் எதற்கும் சொல்வோம். பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை எடுத்தால் ஒரு சைஸ் பெரிது. ரைஸ் குக்கர் ஒரு சைஸ் பெரிது. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் பத்துப் பேருக்கான பிரஷர் குக்கர். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் முதல் வகுப்புப் புகைப்படத்தில் விரல் தெரியாமல் நிற்பதற்குக் காரணம் இந்தத் தத்துவம்தான். நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பன்னிரண்டு மீட்டர் பம்ப்புக்குப் போனேன். அப்போதுதான் அக்கா கூரையைப் பற்றிக் கேட்டது.

“இல்லக்கா,” என்றேன், சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல. “அடுப்பு கீழ இருக்கு. வீடு மேல இருக்கு. ஒம்பது மீட்டர் ஏத்தணும்ல?”

“ஏத்திப்போட்டு? மேலை ஒரு தாங்கியிலை நிரப்பி வைக்கப் போறியளோ?”

“இல்ல, அது சுத்திட்டுத் திரும்பக் கீழ வந்துடும்.”

“அப்ப வாற தண்ணிக்குப் பாரம் இல்லையோ?”

“அக்கா, இது எஞ்சினியரிங்.”

“ஓம் ஓம். நான் வெறும் நர்ஸ்தானே,” என்று சொல்லிவிட்டுச் சர்க்கரை எடுக்கப் போய்விட்டார்.

நர்ஸ்கள் ‘வெறும்’ என்று சொல்வதும், ஊசி போடுமுன் ‘எறும்பு கடிச்ச மாதிரித்தான்’ என்று சொல்வதும் ஒரே ரகம். எனக்கு அது உறைக்கவில்லை. பொத்தானை அழுத்திவிட்டேன்.

பம்ப்பைப் பூட்டக் கீழேயுள்ள ஊரிலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். அறுபது வயது வெள்ளைக்காரர். அவரிடம் மொத்தமே ஐந்தாறு வாக்கியம்தான் இருக்கும், அதையும் வாரக்கணக்கில் வைத்துச் செலவழிப்பார். பெட்டியைப் பிரித்தார். பம்ப்பைப் பார்த்தார். மெதுவாக விசில் அடித்தார். வீடு எத்தனை மாடி என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். வீட்டை ஒரு தரம் பார்த்தார், பம்ப்பை ஒரு தரம் பார்த்தார். “யூ ஆர் தி பாஸ், மேட்,” என்றார்.

ஆஸ்திரேலியாவில் ஒருவர் உங்களை பாஸ் என்று கூப்பிட்டால், நீங்கள் முட்டாள்தனம் செய்கிறீர்கள், ஆனால் அது உங்கள் உரிமை என்று பொருள். இருபது வருடம் இந்த நாட்டில் வேலை பார்த்து நான் கற்ற உருப்படியான விஷயம் அது. அன்றைக்கென்று மறந்துவிட்டது. பெருமையாக வாங்கிக்கொண்டேன்.

பம்ப்பின் முகத்தில் ஒரு பொத்தான். தானாகவே வேகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், அல்லது உச்சத்தில் நிறுத்தலாம். இவ்வளவு பெரிய பம்ப்பை வாங்கிவிட்டு மெதுவாக ஓட்டுவதா? உச்சத்தில் வைத்தேன்.

அரை மணி நேரத்தில் வீடு பேச ஆரம்பித்தது. விசில் வருவதற்கு முன்னால் குக்கர் இரையுமே, அப்படி ஓர் இரைச்சல் சுவருக்குள்ளே. ஹாலில் இருந்த ரேடியேட்டரைத் தொட முடியவில்லை. மனைவி ஒரு பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். “இஞ்சருங்கோ, உது வீட்டைச் சூடாக்குதோ இல்லாட்டி எங்களை அவிக்குதோ?” என்றாள். நடை முடிவில், கடைசி அறையில், அக்கா கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அங்கே இரும்பு வெதுவெதுப்பு என்று சொல்வதற்கும் கொஞ்சம் தாராள மனசு வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் பேட்டரி காலி. சிக்கனப் பம்ப் என்று நான் வாங்கியது, உச்சத்தில் ஓடி, பழையதைவிட அதிகமாகக் குடித்திருந்தது. மாத முடிவுக்கு ஒன்பது நாள்.

அன்று அக்கா காலைச் சாப்பாட்டுக்கு வந்தபோது இடியப்பத்தைப் பிய்க்க முடியாமல் கரண்டி கேட்டார். கேட்டுவிட்டு, “நேற்றுப் படுத்த விதம் சரியில்லை,” என்று தானே காரணமும் சொன்னார். மனைவி கரண்டியை எடுத்துக் கொடுத்தாள். பிறகு என்னைத் துணி காயப்போடும் இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

“அக்காவைச் சிட்னிக்குப் போகச் சொல்லி நானே சொல்லப் போறன்,” என்றாள். “எனக்காகத்தான் அவ வாய் திறக்காமல் இருக்கிறா.”

“ரெண்டு நாள் குடு. பம்ப்பு விஷயத்தைப் பாத்துடறேன்.”

“நீங்கள் பாத்த பம்ப்தானே அது?”

வெயில் ஏறி, பம்ப் மறுபடி ஓடி, ஹால் சூடாகும்வரை காத்திருந்தேன். உள்ளே போய் அக்காவின் அறைக் கதவைத் தட்டினேன். அவர் தரையில் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்து, ரேடியேட்டரின் இரண்டு முனைகளிலும் வெளியே தெரிந்த குழாய்கள்மேல் ஒவ்வொரு கையாக வைத்திருந்தார். நோயாளியின் நாடி பார்ப்பது போல.

“இஞ்சை வந்து கையை வையுங்கோ தம்பி. இது போற குழாய். இது வாற குழாய். என்ன தெரியுது?”

“ரெண்டுமே ஆறிப்போய் இருக்கு.”

“ஹாலிலை?”

“ரெண்டுமே கொதிக்குது.”

“அப்ப தண்ணியெல்லாம் ஹாலுக்குள்ளாலை சுத்திப்போட்டு அடுப்புக்கே திரும்பிப் போகுது. இஞ்சை வர அதுக்கென்ன விசரே? வார்ட்டிலையும் உப்பிடித்தான். வாசலுக்குக் கிட்டக் கிடக்கிற ஆள் கூப்பிட முன்னமே போய் நிப்பம். கடைசிக் கட்டில் ஆளை நினைச்சுப் போனால்தான் உண்டு.”

நல்ல வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் எனக்கு அங்கேயே குறித்துக்கொள்ளவேண்டும். கைப்பேசியை எடுத்தேன். “அதைப் பிறகு எழுதுங்கோ,” என்றார் அக்கா. “முதல் பம்ப்பைப் பற்றிக் கதைப்பம். முப்பது வருஷம் நான் பம்ப்போடைதான் இருந்தனான். ஆளின்ரை ரத்தம் வெளியிலை வரும், மெஷினுக்குள்ளாலை சுத்தும், திரும்ப ஆளுக்குள்ளையே போகும். மெஷின் எவ்வளவு உயரமெண்டு ஒருநாளும் நான் அளந்து பாக்கேல்லை. குழாய் எங்கையும் மடங்கிக் கிடக்கோ, ஊசி ஒடுக்கமோ, அதைத்தான் பாப்பன். ஏறுற தண்ணியை இறங்கிற தண்ணி இழுத்துக் குடுக்கும். பம்ப்புக்கு மல்லுக்கட்டு உயரத்தோடை இல்லைத் தம்பி, ஒடுக்கத்தோடை.”

மூன்று வாரமாகத் தாடிக்காரர்கள் சொன்னதும் இதுதான் என்று அப்போதுதான் மண்டையில் இறங்கியது. அவர்கள் உராய்வு, உராய்வு என்று சொன்ன இடத்தையெல்லாம் நான் ஓட்டிவிட்டு, உயரம் என்ற சொல்லுக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

“ஏன்க்கா, இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“கேட்டனான்தானே. நீங்கள் எஞ்சினியரிங் எண்டியள்.”

அன்று மத்தியானம் மூவரும் குசினி மேசையில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை உயரத்தைத் தொடவில்லை. குழாய் எவ்வளவு நீளம், உள்ளே எவ்வளவு அகலம், எத்தனை முழங்கை வளைவு, நான்கு ரேடியேட்டருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடவேண்டும் என்று எழுதினோம். அதைக் குழாய் செய்தவர்களின் அட்டவணையில் வைத்துப் பார்த்தால், பம்ப் தள்ளவேண்டிய எதிர்ப்பு மொத்தமே இரண்டரை மீட்டர் உயரத்துக்குச் சமம். நாலு மீட்டர் பம்ப் தாராளம். கைக்குள் அடங்கும் சின்னச் சாமான். எங்கள் சுற்றுக்கு இருபத்தைந்து வாட் போதும் என்றது அதன் வரைபடம். ஒரு பழைய படுக்கையறை விளக்கு இதைவிட அதிகமாகக் குடித்திருக்கும்.

ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. என் விரல் மெல்ல அதற்குப் பக்கத்திலிருந்த ஆறு மீட்டர் பம்ப்புக்கு நகர்ந்தது.

“அது என்னத்துக்கு?” என்றார் அக்கா.

“எதுக்கும்…”

“பம்ப் வளருற பிள்ளையே தம்பி?”

மனைவி சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அதற்காகவே நாலு மீட்டருக்கு இறங்கிவந்தேன்.

அக்காவை மட்டும் புத்திசாலியாகக் காட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆகவே இதையும் சொல்கிறேன். வாங்கும் நேரத்தில் அவர் ஒரு நிபந்தனை போட்டார்: பம்ப்பில் அலாரம் இருக்கவேண்டும். “கத்தாத பம்ப்பை நான் நம்பமாட்டன்.” வீட்டுப் பம்ப் எதுவும் கத்தாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கத்துகிற பம்ப்பைத் தேடினோம். கடைசியில், அதன் முகத்தில் ஒரு சின்ன விளக்கு உண்டு, பிசகினால் சிவப்பாகும் என்று காட்டியதும், “சரி, ஊமைப் பிள்ளை. நாங்கள்தான் போய்ப் போய்ப் பாக்கவேணும்,” என்று ஒருவழியாகச் சம்மதித்தார்.

பிளம்பர் மறுபடியும் வந்தார். இந்த முறை விசில் இல்லை. பாஸ் என்றும் சொல்லவில்லை. கணக்கு யார் போட்டது என்று மட்டும் கேட்டார். அக்காவைக் காட்டினேன். தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டார். பெரிய பம்ப்பைக் கழற்றி, கீழே ஒரு முதியோர் இல்லத்தின் நீளமான சுடுதண்ணீர்ச் சுற்றுக்கு ஆகும் என்று தூக்கிக்கொண்டு போனார்.

ஆனால் பம்ப் மாற்றியதும் கடைசி அறை சூடாகிவிடவில்லை. ஹால்காரன் இன்னும் முந்திக்கொண்டுதான் இருந்தான். ஒவ்வொரு ரேடியேட்டரின் அடியிலும் ஒரு சின்னத் திருகு உண்டு. கிட்ட இருப்பவற்றை அதில் கொஞ்சம் ஒடுக்கினால், தண்ணீர் வேறு வழியில்லாமல் தூரத்தில் இருப்பவரைத் தேடிப் போகும். அக்கா ஒரு தாளில் கோடு போட்டார். அறை, நேரம், போற குழாய், வாற குழாய், கையெழுத்து. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பமானியோடு சுற்றி வருவார். நான் பின்னால் திருப்புளியோடு போவேன்.

“ஹால் இன்னும் கால் சுத்து,” என்பார்.

“கால் சுத்து,” என்று நான் திரும்பச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நகரமாட்டார். வார்ட்டில் அப்படித்தானாம்.

“பாவம் ரேடியேட்டர்,” என்றாள் மனைவி. “டாக்டர் வந்தால்கூட இவ்வளவு பயப்பிடாது.”

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் தாளில் நான்கு அறைக்கும் ஏறக்குறைய ஒரே எண்கள். அதற்கு அடுத்தாற்போல நான்கு நாள் மேகம் மூடியது. ஒவ்வொரு காலையிலும் எழுந்ததும் பல் தேய்க்காமல் பேட்டரியைத்தான் போய்ப் பார்த்தேன். முதல் நாள் பாதிக்கு மேல். இரண்டாம் நாள் பாதி. நான்காம் நாள் காலையிலும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

உள்ளே வந்தேன். அக்கா எனக்கு முன்பே எழுந்து குசினியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கிண்ணத்தில் சின்ன வெங்காயம். ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் தோலைக் கிள்ளி, உரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கரண்டி கேட்ட அதே விரல்கள். நானும் மனைவியும் அதைப் பார்க்காத மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் தோசைக்கல்லையே முறைத்தாள். நான் ஏற்கனவே கழுவிய கோப்பையை இன்னொருமுறை கழுவினேன்.

பாதிக் கிண்ணம் முடிந்தபிறகு மனைவிக்குத் தாங்கவில்லை.

“அக்கா, ஏஜென்ட் திரும்பவும் கேட்டு எழுதியிருக்கிறான். நாளைக்குக் கடைசி நாளாம்.”

“ம்.”

“என்ன சொல்லுறது?”

அக்கா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார். கையைக் கழுவினார். துடைத்தார். எங்கள் இருவரையும் இவ்வளவு நேரம் காக்கவைப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“அவைக்கே இன்னும் ஒரு வருஷம் குடுக்கச் சொல்லு,” என்றார். “ஆனா, என்ரை அறையிலை தொங்குற உந்த வாத்துப் படம் போட்ட திரைச்சேலையோடை என்னாலை காலம் தள்ள ஏலாது. இப்பவே சொல்லிப்போட்டன்.”

சொல்லிவிட்டு என் கருவிப் பெட்டியைத் திறந்து, அளக்கிற நாடாவை எடுத்து, ஒரு முனையைத் தங்கையின் கையில் கொடுத்து, ஜன்னலை அளக்க அவளை இழுத்துக்கொண்டு போனார்.